டிக்கெட் வாங்கி நட்ட நாற்று

2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் காலனி இரவுப் பாடசாலைப் பிள்ளைகள் 28 பேரை ஒரு தனியார் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். செங்கல்பட்டு மாவட்டம். முந்நூறு ஏக்கருக்கு மேலே என்றார் வாசலில் இருந்தவர். கண்ணுக்கெட்டிய மட்டும் கம்பிவேலி. டிக்கெட் தலைக்கு 300 ரூபாய்; நண்பர்களிடம் கையேந்திச் சேர்த்தது. சேரிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. ஏன், குதிரையைப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இல்லையா?

பிள்ளைகள் பறந்தார்கள். ஒருத்தன் குதிரையைத் தொட்டுவிட்டுக் கையை மோந்துகொண்டே திரிந்தான். பால் கறக்க வரிசை. "எங்கூட்டு மாட்டத்தான் தெனமும் கறக்குறேன், இதுக்கா அக்கா துட்டு?" என்று ஆறாவது படிக்கிற பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்தது நடவு. நவரைக்கு உழுது வைத்த ஒரு கழனி. பட்டணத்துப் பிள்ளைகள் சேற்றில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளின் தாய்மார் முதுகு ஒடியச் செய்கிற வேலை அங்கே விளையாட்டு. துணைக்கு வந்திருந்த ஆயா ஒன்றும் பேசாமல் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார். நூல் பிடித்த மாதிரி பின்னாலேயே நட்டுக்கொண்டு போனார். பண்ணைக்கார இளைஞர் அசந்துபோய், "பாட்டி, ஞாயித்துக்கெழம வந்து பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குறீங்களா? கூலி தர்றோம்" என்றார்.

"எவ்ளோ குடுப்ப?" என்றார் ஆயா.

கரையேறிக் கால் கழுவும்போதுதான் என்னிடம் சொன்னார். பக்கத்து ஊர்தான் அவர் பிறந்த ஊராம். "இந்த மேட்டுக் கயனி எங்க நைனாவோட டி.சி. நெலம்மா. மூணு மூட்ட நெல்லுக் கடனுக்குக் கைநாட்டு வச்சாரு. அத்தோட போச்சு."

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் வந்த ஆணையால் கிடைத்தவை இந்தப் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் நம்மவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. காகிதத்தில் நிபந்தனை, கழனியில் கைநாட்டு. காரணை நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அப்போது நான் கைக்குழந்தை. இயக்கத்துக்கு வந்த பிறகு ஆண்டுதோறும் அந்த நாளில் கோஷம் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு டி.சி. நிலத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

வேனில் பிள்ளைகள் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். பால் கறந்த பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆயா சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

"ஆயாவோட நெலம்னா நாம ஏன்க்கா துட்டு கட்டுனோம்?"

எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். மருத நிலத்தின் முதற்பொருள், கருப்பொருள் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதற்கு வாய் வரவில்லை. பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனசில்லை. "நாளைக்குப் பாடசாலையில சொல்றேன்" என்றேன். மறுநாள் சொல்லவும் சொன்னேன், 1892-லிருந்து.

கிராமத்து 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு சர்வே நம்பர் வேண்டும். ஆயாவிடம் கேட்டேன்.

"நம்பரு இன்னா நம்பரு! கெணறு ஒண்ணு, பனமரம் நாலு."

கிணறு இருக்கிறது, மேலே கம்பிவலை போட்டு. பனை ரெண்டுதான் நிற்கிறது. நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.