சீனியர் ஆபீஸில் ஓர் இடம்



நியூஜெர்சியிலிருந்து, வட அமெரிக்காவின் தென்னாசிய வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டுக்குப் போய் வந்தேன். மேடை உரைகளைவிடத் தாழ்வாரத்துப் பேச்சுகள்தான் மனதில் நிற்கின்றன. சட்டப் படிப்பை இன்னும் முடிக்காத பிள்ளைகள், பெரிய சட்ட நிறுவனங்களின் பங்குதாரர்களிடமும் நீதிபதிகளிடமும் தாங்களே போய்ப் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்கவில்லை. எந்தச் சட்டத்தில் விருப்பம் என்று கேட்டு, விசிட்டிங் கார்டு கொடுத்து, அடுத்த வாரம் கூப்பிடச் சொல்கிறார்கள். நெட்வொர்க்கிங் என்று இங்கே சொல்வது இதைத்தான்.  

இப்படிக் கூடும் பழக்கம் வசதியில் பிறந்ததல்ல. அமெரிக்க வழக்கறிஞர்களின் பெரிய சங்கம் கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், 1925இல் அயோவா மாநிலத்தில் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆசிய வம்சாவளியினர் 1988இல் தொடங்கினார்கள். தென்னாசியர்கள் அதற்கும் பிறகு. இன்று திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தில் வந்த ஸ்ரீ சீனிவாசன் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி. 2020இல் அதன் தலைமை நீதிபதியும் ஆனார்.

மாநாட்டில் கவலையும் இருந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 'பன்முகத்தன்மை' என்ற சொல்லையே தயங்கித் தயங்கித்தான் உச்சரிக்கிறார்கள். எனக்கு ராஜபாளையம் நினைவுக்கு வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, முதல்வராக இருந்தவர் எங்கள் ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா.  கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களையும் இன்னின்ன பிரிவுக்கு இத்தனை என்று பங்கிட்ட ஆணை அது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, இடஒதுக்கீட்டுக்கு வழி செய்யும் 15(4) பிரிவு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சட்டக் கல்லூரிக்குள் வந்த வழியில் அந்தத் திருத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கல்லூரி இடம் கிடைத்துவிட்டது. தொழில் பழக ஒரு சீனியர் வழக்கறிஞரின் ஆபீஸில் இடம் கிடைத்ததா? விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் கேஸ் கட்டு தூக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். மில் தொழிலாளியான என் அப்பாவுக்கு ஒரு சீனியரின் குமாஸ்தாவைத் தெரியும். அந்த ஒரு பழக்கத்தில் எனக்கு வழி திறந்தது. என்னோடு வழக்கறிஞராக என்ரோல் ஆன தோழி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டுப் பெண். என்னைவிடக் கெட்டிக்காரி. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். "ராத்திரி எட்டு மணி வரை இருக்க முடியுமாம்மா?", "அப்பா யாரு, என்ன ஆளுங்க?" என்ற கேள்விகளைத் தாண்டி அவளால் உள்ளே போக முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டாள். ஒரு நல்ல வழக்கறிஞரை அந்த ஊர் இழந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாயும், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் உதவித்தொகை தர வழி செய்யும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. பஸ் காசுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கையேந்த முடியாமல் தொழிலை விடுபவர்களுக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் உதவித்தொகை, சீனியர் கிடைத்தவர்களுக்குத்தான். சீனியர் கிடைப்பது இன்னமும் உறவிலும் சாதியிலும் அப்பாவின் பழக்கத்திலும்தான் இருக்கிறது. பணம் தர வேண்டுமே என்று ஜூனியர் எண்ணிக்கையைக் குறைக்கும் ஆபீஸ்களில், முதலில் இடமில்லாமல் போவதும் அறிமுகமில்லாத பிள்ளைக்குத்தான்.

ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழக்கறிஞர் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் அரைமணித் தூரம்தான். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை சேர்ந்து கூடுங்கள். ஜூனியர் தேவைப்படும் சீனியர்கள் வந்து உட்காரட்டும். புதிதாக என்ரோல் ஆனவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசட்டும். எந்த ஆபீஸில் இடம் இருக்கிறது என்று சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அப்பா பெயரையும் தெருப் பெயரையும் மட்டும் கேட்காதீர்கள். முதல் கூட்டத்துக்கான செலவை நான் அனுப்புகிறேன்.