ஆறு சிட்டம்

மார்கழி 27

விடியற்காலை பால் வாங்கப் போனபோது தெருமுனையில் பக்கத்துவீட்டுப் பெரியம்மா நின்றிருந்தார். விசைத்தறித் துண்டு ஒன்றைத் தலையில் சுற்றி, முனையைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பனி இறங்கியிருந்ததில் திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்கு வயது எண்பத்தெட்டு. பல்லெல்லாம் தந்தியடிக்கிறது.

“ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கக் கூடாதா பெரியம்மா?”

“பேரன் வாங்கிக் குடுத்தானுங்க டீச்சரம்மா. மேலெல்லாம் கடிக்குது. கழட்டுனா படபடன்னு பொரியுது.”

“நீங்கதான் அந்தக் காலத்துல கதருக்கு நூத்தவங்களாச்சே.”

“முப்பது வருசம் நூத்தேனுங்க. எனக்குன்னு ஒரு முழம் எடுத்துக்கிட்டதில்லீங்க.”

குறைப்பட்டுச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து பால் காய்ச்சி இறக்கும் வரை அந்த ஒரு முழம் மனதை விட்டுப் போகவில்லை. பரணில் அமுச்சியின், அதாவது என் அம்மாவைப் பெற்ற பாட்டியின், பெட்டி ராட்டை இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி விடுதியில் கற்ற பின்னல் கைக்கு மறக்கவில்லை. நானே நூற்று, நானே பின்னி, அவருக்கு ஒரு சால்வை தரப்போகிறேன்.

தை 4

பொங்கல் முடிந்தது. கம்பளி நூல் கிடைக்குமா என்று சேலம் போய்ப் பார்த்தேன். கடைகளில் “உல்லன்” என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து பிறக்கிற இழை. குளிர்காலத்தில் நம் ஊர்களில் திபெத்தியர்கள் போடும் கடைகளிலும் லூதியானாவில் இயந்திரம் பின்னிய ஸ்வெட்டர்களே அதிகம். பெரியம்மாவின் மேலைக் கடித்தது எது என்று புரிந்தது.

யோசித்துப் பார்த்தால் இந்தச் சமவெளியில் கம்பளியைத் தேடியதே தவறு. நம் ஊர் ஆடு மேச்சேரிச் செம்மறி. உடம்பில் குட்டையான முடிதான், கத்தரிக்க உரோமம் கிடையாது. இறைச்சிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். கோவைப் பக்கத்துக் குரும்பை ஆட்டுக்கு உரோமம் உண்டு. அது முரடு, கீழே விரிக்கும் கம்பளிக்கே ஆகும். மெல்லிய உரோமத்துக்கு நீலகிரிக்கோ கொடைக்கானல் மன்னவனூருக்கோதான் போக வேண்டும். வெயிலில் வளர்ந்த ஆட்டுக்குக் கம்பளி எதற்கு? இந்த மண் கொடுத்தது பருத்தி. ஆகவே பருத்தியிலேயே பின்னுவது.

தை 10

கொங்கணாபுரம். பருத்தி ஏலத்துக்கு மூட்டைகள் வண்டி வண்டியாக இறங்கிக்கொண்டிருந்தன. திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கம் இங்கே நடத்தும் ஏலத்துக்கு வெளிமாவட்ட வியாபாரிகளும் வருகிறார்கள். பி.டி. ரகம், டி.சி.எச். ரகம், கழிவாகப் போகும் கொட்டு ரகம் என்று தனித்தனி அடுக்கு. தெரிந்த விவசாயி ஒருவர் ஏலத்துக்கு முன்பே தன் மூட்டையிலிருந்து ஒன்றேகால் கிலோ டி.சி.எச். அள்ளிக் கொடுத்தார். இழை நீளமாக இருக்கும், கையால் நூற்க இதுதான் தோது.

இன்னும் நீளமான இழை வேண்டுமானால் ஆத்தூர்ப் பக்கம் போகலாம். 1974-இல் கோவையில் உருவான சுவின் பருத்தியை அங்கே பயிரிட்டிருக்கிறார்கள். சுஜாதா, வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களை இணைத்ததால் வந்த பெயர். உலகத்தின் மிக மெல்லிய நூல்களில் ஒன்று அதிலிருந்து வரும். என் கைக்கு அது அதிகம்.

தை 13

பலகையில் பருத்தியை வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை முன்னால் துள்ளி விழுகிறது, பஞ்சு பின்னால் நிற்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மீதி கொட்டை. எதிர்வீட்டு மாட்டுக்கு நல்ல யோகம்.

தை 21

பஞ்சை வில்லால் அடித்துத் திரியாக உருட்டிவிட்டேன். தோள்பட்டை கழன்று விழுவது போல வலி. நூற்க உட்கார்ந்ததும் கை தடுமாறியது. கைத்தொழிலோடு பாடம் கற்பித்த ஆதாரக் கல்வி நடந்த காலத்தில் தொடக்கப் பள்ளியில் நாங்கள் எல்லோரும் தக்களியில் நூற்றவர்கள். தரையில் தக்களியைச் சுழற்றிவிட்டுக் கையை உயர்த்தினால் இழை நீளும். ராட்டையில் அந்த உயரம் கிடையாது. ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறு கை திரியை விரல்நுனியில் பிடித்துப் பின்னால் போக வேண்டும். அறுந்தது. மறுபடி அறுந்தது. எழுந்த இழையும் கம்பளிப்பூச்சி போல ஓரிடத்தில் குண்டு, ஓரிடத்தில் ஒல்லி.

பெரியம்மா வந்து உட்கார்ந்தார். பார்வை மங்கிவிட்டது. திரியை வாங்கவில்லை, என் மணிக்கட்டின் மேல் மட்டும் இரண்டு விரல் வைத்துக்கொண்டார்.

“இழுக்காதீங்க டீச்சரம்மா. உடுங்க, அதுவா வரும். முறுக்கு ஏறுற வரைக்கும் புடிங்க, ஏறுனதும் உடுங்க.”

சொன்னது அவ்வளவுதான். முறுக்குதான் இழையைத் திரியிலிருந்து எடுக்கிறது. கை அதற்கு வழிவிட்டால் போதும். பஞ்சு இழை ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்காது. ஆயிரக்கணக்கான அந்தத் துண்டுகளைப் பசையின்றி ஒன்றோடொன்று பிடித்துவைப்பது முறுக்கு ஒன்றே. அறுபது வருடம் கழித்து இன்றைக்குத்தான் இது எனக்குப் புரிந்தது.

மாசி 2

முதல் சிட்டம் இன்று முடிந்தது. சிட்டம் என்றால் ஆயிரம் மீட்டர் நூல். எடை ஐம்பது கிராம். ஐந்தரை மணி நேரம்.

மாசி 9

புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்குப் போய் வந்தேன். சிறுவயதில் அமுச்சியோடு போனது. ராஜாஜி 1925 பிப்ரவரி 6-இல் தொடங்கிய இடம். நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். சேலத்தில் பெரிய வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, மழை பொய்த்த இந்தப் புஞ்சைக்காட்டில் கூரை வேய்ந்த வீட்டில் வந்து குடியேறினார். காந்தி 1925-இலும் 1934-இலும் இங்கே வந்திருக்கிறார்.

ஏன் இந்த ஊர் என்று கேட்டால் விடை மண்ணில் இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் காட்டில் வேலை கிடையாது. பெண்கள் ஆசிரமத்தில் பஞ்சு வாங்கிப் போய், நூலாகக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கினார்கள். அமுச்சி அப்படி வாங்கியவர். இருபத்தாறு வயதில் தாலி அறுத்து, இரண்டு பிள்ளைகளோடு நின்றவருக்கு வீட்டை விட்டு இறங்காமல் செய்ய முடிந்த வேலை அது. கல்கி இங்கே தங்கி 1929-இல் ராஜாஜியோடு “விமோசனம்” நடத்தியதைப் பலரும் சொல்வார்கள். மதுவை ஒழிக்க ஒரு பத்திரிகை. நூற்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிறுமியாக நான் கேட்டதுண்டு. பெண் நூற்றுக் கொண்டுவந்த காசு சாயங்காலமே கள்ளுக்கடைக்குப் போனால் நூற்று என்ன பயன்? இரண்டும் ஒரே வேலைதான். 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் வந்ததில் அமுச்சி போன்ற பெண்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

கூலி விஷயத்தை இங்கே எழுதிவைக்க வேண்டும். 1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினராக மாதம் 2000 கஜம் நூல் தர வேண்டும் என்றது. என் கணக்கில் அது இரண்டு சிட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்து மணி நேர வேலை. தலைவர்களுக்கு அது விரதம். அமுச்சிக்கு அது அடுப்பு. 1925-இல் உருவான அகில இந்திய நூற்போர் சங்கம் பத்து வருடம் கதரை மலிவாக்கவே பாடுபட்டது. மலிவு என்றால் யாருடைய கூலி குறைந்தது? நூற்பவளுடையதுதான். 1935-இல் காந்தியே இதைச் சொல்லி, எட்டு மணி நேரம் நூற்பவளுக்கு எட்டணா தர வேண்டும் என்று கேட்டார். விலை ஏறினால் கதர் விற்காது என்று சங்கத்தில் பயந்தார்கள். கடைசியில் மூன்றணாவில் தொடங்கினார்கள். கதரின் வரலாற்றில் இந்த வாதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பள்ளிப் பாடத்தில் நான் இதை ஒரு நாளும் நடத்தவில்லை, பாடத்தில் இல்லை என்பதால். நடத்தியிருக்க வேண்டும்.

இன்று கதர் நூலில் பெரும்பகுதி பல கதிர் கொண்ட ராட்டைகளில் நூற்பது. அவற்றுக்கு முன்னோடியான அம்பர் சர்க்காவை உருவாக்கியவர் நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். அவர் பெயரிலிருந்துதான் “அம்பர்” வந்தது. ஒரே சுற்றில் பல இழை வரும். ஆனாலும் சுற்றுவது கைதான், பெரும்பாலும் பெண் கை.

மாசி 16

இரவு தூக்கம் வரவில்லை. நன்னூல் பாயிரத்தை எடுத்துப் பார்த்தேன். முப்பது வருடம் நடத்திய பகுதி. சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர் என்கிறது. வகுப்பில் “உருவகம்” என்று இரண்டு நிமிடத்தில் கடந்துபோவேன். இப்போது கதிரைத் தொட்ட விரலோடு படிக்கும்போது, எழுதியவர் நூற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்று உறுதியாகத் தெரிகிறது. கதிர் கொஞ்சம் வளைந்திருந்தாலும் இழை துள்ளும், அறும். அறிவை எதற்கு ஒப்பிட்டிருக்கிறார் பாருங்கள்.

நற்றிணையில் ஆள் துணை இல்லாத பெண்கள் உழைத்து நூற்ற மெல்லிய பஞ்சு, மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக வருகிறது. அன்றிலிருந்து அமுச்சி வரை கதிர் யார் கையில் இருந்தது என்பது மாறவே இல்லை.

மாசி 30

வெயில் ஏறிவிட்டது. பகல் பத்து மணிக்கு மேல் இழை நிற்பதில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சு விறைத்து உடைகிறது. மில்களில் இதற்காகவே நீரைப் புகையாகத் தெளிப்பார்கள். நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து உட்காருகிறேன். ஈரத் துணியைப் பக்கத்தில் தொங்கவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

பங்குனி 7

ஆறு சிட்டமும் முடிந்தன. எடை முந்நூறு கிராம். கிலோவுக்கு இருபது சிட்டம் வருவதால் இது 20-ஆம் நம்பர். பள்ளிபாளையம் தறிக்காரர்கள் சொல்லும் நாற்பதாம் நம்பர் கணக்கு வேறு. அது ஒரு பவுண்டுக்கு எத்தனை 840 கஜம் என்ற பழைய இங்கிலீஷ் கணக்கு.

நாலு இழையைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் முறுக்கினேன். ஒற்றை இழையில் பின்னினால் முறுக்கு தளரப் பார்த்து, பின்னல் முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும். எதிர்முறுக்கு ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூல் அடங்குகிறது.

பங்குனி 9

முறுக்கிய நூலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது! பச்சைப் பஞ்சில் மெழுகு இருக்கிறது, தண்ணீரை ஏற்காது. சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அலசி மறுபடி போட்டதும் கல் போல மூழ்கியது.

சித்திரை 12

பருத்தியில் பின்னுவது கம்பளியில் பின்னுவது போல இல்லை. கம்பளி இழை இயல்பாகவே சுருண்டிருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். பருத்தி திரும்பாது. கண்ணி ஒன்று தளர்ந்தால் தளர்ந்ததுதான். அதனால்தான் கைப்பின்னல் பருத்தி ஸ்வெட்டர் நாலு முறை துவைத்ததும் முழங்காலுக்கு இறங்குகிறது. சால்வைக்கு அந்தத் தொல்லை இல்லை. சன்ன ஊசியில் 132 கண்ணி ஏற்றி, இறுக்கமாகப் போட்டு வருகிறேன். விரல்நுனியில் நூல் ஓடி ஓடி ஒரு கோடு விழுந்திருக்கிறது.

நான் நூற்ற இரண்டாம் சிட்டம் பின்னலுக்குள் வரும் இடம் எனக்குத் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியாது. அந்த வாரம் பேத்திக்குக் காய்ச்சல். இழை சீராக இல்லை.

ஆடி 3

480 வரிசை. கடைசிக் கண்ணியை முடித்தேன். 63,360 கண்ணி.

ஐப்பசி 14

மூன்று நாள் அடைமழை. சாயங்காலம் குளிர் வந்ததும் சால்வையை எடுத்துப் போய்ப் பெரியம்மா தோளில் போர்த்தினேன். முகத்தில் ஒற்றிப் பார்த்தார். பிறகு விளிம்பிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்து, நடுவே ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இந்த எடத்துல முறுக்குக் கொறச்சலுங்க டீச்சரம்மா.”

இரண்டாம் சிட்டம்.

“பிரிச்சுப் பின்னித் தரட்டுமா பெரியம்மா?”

“வேண்டாமுங்க. கடிக்கல. இருக்கட்டும்.” இழுத்துப் போர்த்திக்கொண்டு, “இதுக்கு எத்தன நாளாச்சு?” என்றார்.

கொட்டை எடுத்து, வில்லடித்து, வேகவைக்க 14 மணி நேரம். நூற்க 31. முறுக்க 9. பின்ன 48. மொத்தம் 102 மணி நேரம் என்றேன். அவர் நூற்றதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“முப்பத்தோரு மணிக்கு எவ்வளவு கெடைக்கும்?”

1935-இல் காந்தி கேட்ட கணக்கில் ஒரு ரூபாய் பதினைந்தணா. அன்று தொடங்கிய கூலிக் கணக்கில் பன்னிரண்டணாவுக்கும் குறைவு. இன்றைய கணக்கை அவர் கேட்கவில்லை. நான் உங்களைக் கேட்கச் சொல்கிறேன். கதர்க் கடையில் ஒரு சால்வையோ சட்டைத் துணியோ எடுத்து, விலை அதிகம் என்று தோன்றினால், ஒரு சிட்டம் நூற்றவர் கையில் எவ்வளவு சேர்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், விசாரித்துச் சொல்லச் சொல்லி அடுத்த முறையும் போய்க் கேளுங்கள்.