கொதித்த வண்டி

எஞ்சினைப் புதுப்பித்தபின் வண்டி கொதித்தால், ஊரார் கை முதலில் நீள்வது ரேடியேட்டரின் பக்கமே. 2009இல் எங்கள் குடும்பத்தின் பழைய லாரி, பழையசீவரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜாபாத் சேர்வதற்குள் ஆவி கக்கியபோதும் அவ்வாறே சொன்னார்கள். புதிது வாங்கப் பணமில்லை. புதுப்பித்த கடனே அந்த வண்டியின் ஓட்டத்தை நம்பி நின்றது.

முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். எஞ்சின் நன்கு ஆறியபின் மூடியைத் திறந்து, விளிம்புவரை நீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உடனே குமிழிகள் எழுந்தன. உள்ளே தங்கிய காற்றெனில் சற்றுநேரத்தில் அடங்கிவிடும், இவை அடங்கவேயில்லை.

"அப்ப ரேடியேட்டர் வேண்டாமா, மேஸ்திரி?" என்றார் அண்ணன்.

"மொதல்ல ஹெட்டைக் கழட்டுங்க தம்பி."

சிலிண்டரில் எரிந்த வாயு, ஹெட் கேஸ்கட்டைக் கடந்து நீர்வழிக்குள் புகுந்துகொண்டிருந்தது. கழற்றிய ஹெட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தோம். நடுவே வெளிச்சம் தெரிந்தது. வளைந்த ஹெட்டை இழைக்காமலே முன்பு பூட்டியிருக்கிறார்கள். (மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்தும் எங்களுக்கு, இந்தக் கிரீஸ் கைகள் நல்ல உரையாசிரியராகத் தோன்றின.)

காஞ்சிபுரத்தில் ஹெட்டை இழைத்து, புதிய கேஸ்கட் இட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக முறுக்கினார். மறுநாள் நெல் மூட்டைகளோடு உத்திரமேரூர் வரை சென்றோம். வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. அந்த மாதத் தவணையை அண்ணன் இரண்டு நாள் தாமதமாகக் கட்டினார்.