சுருட்டை முடிக்குக் கை பழகிய விதம்

அனந்தபுரம் கடைத்தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஒரு பார்லரில்தான் நான் தொழில் கற்றேன். செஞ்சிக்குத் தெற்கே உள்ள சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். பனமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் எங்களிடம் வருவார்கள். பெரும்பாலும் புருவம் திருத்தத்தான் வருவார்கள். முகூர்த்த மாதங்களில் மணப்பெண் அலங்காரம் இருக்கும். சுருட்டை முடி உள்ள பெண்கள் வந்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “நேராக்கிவிடுங்க.”

எனக்குத் தொழில் கற்றுத் தந்த அக்கா அதற்கு எளிதில் சம்மதிக்க மாட்டார். புதுச்சேரியில் பல ஆண்டுகள் பெரிய பார்லர்களில் வேலை பார்த்துவிட்டு, மாமியார் உடம்புக்கு முடியாமல் போனதால் ஊர் திரும்பியவர். அவருக்கே அடர்த்தியான சுருட்டை முடி, இடுப்பைத் தொடும். “சுருட்டை முடி வளராதுன்னு யார் சொன்னது? இதைப் பாரு” என்று பின்னலை முன்னால் இழுத்துப் போடுவார். அதைக் கண்டு மயங்கித்தான் நான் அவரிடம் சேர்ந்தேன். எனக்கும் சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, அதை அடக்குவதிலேயே என் அம்மாவின் காலைப்பொழுது போகும். தோளைத் தாண்டி அது வளர்ந்ததே இல்லை.

நூல் பிடித்துப் புருவம் எடுக்க எனக்கு ஏற்கெனவே தெரியும். மருதாணியும் போடுவேன். தலை கழுவிவிடுவதெல்லாம் ஒரு வேலையா என்ற எண்ணத்தோடுதான் போனேன். அக்கா முதலில் என்னைத் தண்ணீர் பக்கமே விடவில்லை. வாடிக்கையாளரின் தோளில் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துவார். சிக்கெடுத்து முடித்ததும் துணியில் விழுந்த முடிகளை என்னிடம் தருவார். “பிரிச்சு வை” என்பார்.

பிரிப்பது என்றால், ஒவ்வொரு முடியையும் விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் வெள்ளையாக, கடுகிலும் சிறிய ஒரு குமிழ் தட்டுப்பட்டால் அது வேரிலிருந்து தானாக உதிர்ந்த முடி. அப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் அது நடுவில் ஒடிந்த முடி. உதிர்ந்ததன் இடத்தில் புதியது முளைக்கும். ஒடிந்ததோ அதுவரை வளர்ந்த நீளத்தையும் கொண்டுபோய்விடும். சுருட்டை முடிக்காரர்களின் துணியில் குட்டைத் துண்டுகளே மிகுதியாகக் கிடந்தன. என் முடி ஏன் தோளோடு நின்றது என்பது எனக்கு அந்தத் துணியைப் பார்த்துத்தான் புரிந்தது. அது வளராமல் இல்லை. வளர்ந்த வேகத்தில் நுனி ஒடிந்துகொண்டிருந்தது.

காரணத்தையும் அக்கா கையால்தான் காட்டினார். நேர் முடியில் தலையின் எண்ணெய்ப் பசை நுனிவரை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சுருளில் அதனால் அவ்வளவு எளிதாக இறங்க முடியாது. ஒரே பெண்ணின் உச்சியையும் நுனியையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உச்சியில் விரல் வழுக்கியது, நுனி வைக்கோல்போல் உரசியது. அந்தக் காய்ந்த முடியை வாரத்துக்கு இரண்டு முறை நுரை பொங்க ஷாம்பு போட்டுக் கழுவி, மிச்சம் இருக்கும் பசையையும் எடுத்துவிடுகிறோம். அப்புறம் காயவைத்துச் சீப்பால் இழுக்கிறோம். ஒவ்வொரு வளைவிலும் முடி பலவீனமானது. சீப்பு அங்கேதான் மாட்டும், முடி அங்கேதான் ஒடியும்.

அதற்கு அக்காவின் வழி, ஷாம்புவைத் தள்ளிவைத்துக் கண்டிஷனரைக் கொண்டே தலையைக் கழுவுவது. புதுச்சேரியில் இருந்தபோது வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் அவர் இதைக் கற்றார். நியூயார்க்கில் சலூன் நடத்திய லொரெய்ன் மாஸி என்பவர் 2001இல் சுருட்டை முடிக்கென்றே ஒரு புத்தகம் எழுதி இந்த முறையைப் பரப்பினார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலரும் தங்கள் முடியை நேராக்காமல் அதன் இயல்பிலேயே வளர்க்கத் தொடங்கியபோது இதைக் கைக்கொண்டார்கள்.

எனக்கு முதல் முறை கழுவக் கிடைத்தது ஒரு கல்லூரி மாணவியின் தலை. கண்டிஷனரைக் கொஞ்சமாக எடுத்தேன், விலை அதிகமாயிற்றே. உச்சியில் வைத்து, ஷாம்பு போடுவதைப் போலவே முடியை மேலே குவித்து, இரண்டு கைகளாலும் பரபரவென்று தேய்த்தேன். நுரை வரவில்லை. நுரை வராததால் இன்னும் தேய்த்தேன். அக்கா பின்னால் வந்து நின்றது தெரியவே இல்லை. “கையை எடு” என்றார். எடுக்க முடியவில்லை. விரல்களைச் சுற்றி முடி திரண்டு, பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குச் சடையாகக் கட்டியிருந்தது.

அதை விடுவிக்க அந்தப் பிற்பகல் முழுதும் ஆனது. அக்கா என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் விரல்களை மட்டும் பார்க்கச் சொன்னார். கண்டிஷனரை அள்ளி அள்ளி அந்த முடிச்சில் அப்பினார். பிறகு முடிச்சின் அடியிலிருந்து, நுனியில் தொங்கும் ஐந்தாறு முடிகளை மட்டும் விலக்கினார். அவை விடுபட்டதும் சற்று மேலே போனார். வேர்ப் பக்கத்தை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டே வலது கையால் பிரித்தார், இழுப்பு தலைக்குப் போகாதபடி. இடையில் ஒரு முறை என்னிடம் தந்தார். நான் இரண்டு விரல் மேலே தொடங்கிவிட்டேன். கையைத் தட்டிவிட்டார். “கீழே. எப்பவும் கீழேயிருந்து.” கடைசியில் கத்தரி போடாமல் முடிச்சு அவிழ்ந்தது. ஆனாலும் வெள்ளைத் துணியில் விழுந்த குட்டைத் துண்டுகளை அன்று நான் பிரித்து வைக்கவில்லை. பிரிக்க மனம் வரவில்லை. அந்த மாணவி திரும்ப எங்களிடம் வரவே இல்லை.

நுரையே இல்லாமல் அழுக்கு எப்படிப் போகும்? இந்தச் சந்தேகம் எனக்கு வெகுநாள் தீரவில்லை. அக்கா தெளிவாகத்தான் சொன்னார். கண்டிஷனரிலும் அழுக்கைப் பிடித்திழுக்கும் பொருள் இருக்கிறது, ஆனால் மிக மென்மையானது. நேர் மின்னூட்டம் கொண்ட அந்தப் பொருள், எதிர் மின்னூட்டம் கொண்ட முடியில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். முடி வழுக்குவது அதனால்தான். ஷாம்புவில் வேலையை அதன் வலுவான அழுக்கெடுக்கும் பொருளே செய்துகொடுக்கும். இதில் விரல் செய்ய வேண்டும். அதாவது மண்டைத்தோலில் விரல் நுனிச் சதையை வைத்து, நகம் படாமல், ஒவ்வோர் இடமாகச் சின்ன வட்டமிட்டு, அழுக்கைத் தோலிலிருந்து பெயர்க்க வேண்டும். முடி அசையக்கூடாது, தோல்தான் அசைய வேண்டும். இந்த ஒரு வரியைப் பிடிக்க எனக்கு மாதக்கணக்கானது. அக்கா தன் தலையையே எனக்குக் கொடுத்தார். கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, “இப்ப முடியைத் தேய்க்கிற... இப்ப நகம் படுது... காதுக்குப் பின்னால வுட்டுட்ட...” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அடுத்து என்னைப் படுத்தியது அலசுவது. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. துணிக்குச் சோப்புப் போட்டால் வெள்ளையாகத் திரியும். கண்டிஷனர் அப்படித் திரியாது என்பது நல்லதுதான். ஆனால் அலசியது போதுமா என்று கை தவறாகச் சொல்லும். ஷாம்பு போட்ட முடி விரலில் கீச்சென்று சத்தம் போட்டால் சுத்தமென்று பழகியவள் நான். அதே சத்தம் வரும்வரை அலசி, கண்டிஷனர் மொத்தத்தையும் போக்கிவிடுவேன். இல்லையென்றால் பயந்து பாதியில் நிறுத்துவேன், காய்ந்ததும் உச்சி பிசுபிசுவென்று படியும். “உச்சிக்கு ஒரு அளவு, நுனிக்கு ஒரு அளவு” என்றார் அக்கா. உச்சியில் துளியும் தங்கக்கூடாது. நுனியில், மீன் செதிலைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் இருக்குமே, அந்த வழவழப்பு மிஞ்ச வேண்டும்.

நான் இன்றும் வருந்துவது வேறொரு தலையை நினைத்துத்தான். ஒரு பள்ளிப்பெண், அழகான சுருள். வீட்டில் அன்றாடம் தலை நிறைய எண்ணெய் வைப்பார்கள். தலையில் பொடுகும் இருந்தது. அக்கா ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அவளை நானே ஏற்றுக்கொண்டேன். கற்ற உற்சாகத்தில் ஷாம்புவே வேண்டாம், இனி கண்டிஷனர்தான் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டிலும் அப்படியே செய்தாள். எண்ணெய்க்கு மேல் கண்டிஷனர், அதற்கு மேல் எண்ணெய். பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்குத் தலையின் எண்ணெய்ப் பசைதான் தீனி. சில வாரங்களில் காதோரமெல்லாம் செதிலாக உரிந்து, சொறிந்து சிவந்து, அவள் அம்மாவோடு வந்து நின்றாள். அக்கா அவளை நேராகத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார். பிறகு என்னிடம், “முடியைப் பார்த்தியே, தலையைப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார். பொடுகு, புண், அரிப்பு இருக்கும் தலைக்கும், எண்ணெய் சுரக்கும் மெல்லிய நேர் முடிக்கும் இந்த முறை ஆகாது. எல்லாம் சரியாக உள்ள சுருட்டைக்கும் மாதத்தில் ஒருமுறையாவது மென்மையான ஷாம்புவோ சீயக்காயோ போட்டு, படிந்ததைப் போக்கத்தான் வேண்டும். அது முதல், வகிடு பிரித்து நான்கு பக்கமும் தோலைப் பார்க்காமல் யார் தலையிலும் நான் தண்ணீர் ஊற்றுவதில்லை.

இது ஏதோ அயல்நாட்டு வித்தை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கண்டிஷனர் தீர்ந்துபோனது. அக்கா வேலியோரச் செம்பருத்தியில் இலை பறித்துவரச் சொல்லி, தண்ணீரில் போட்டுக் கசக்கினார். கொழகொழவென்று சாறு இறங்கியது, அதுதான் தாளி. வடிகட்டி ஒரு தலைக்குப் போட்டபோது என் விரல்கள் திடுக்கிட்டன. அதே வழுக்கு! செஞ்சி மலைச்சரிவுகளில் உசிலை மரத்தைக் காணலாம். அதன் இலையை உலர்த்தி இடித்ததுதான் அரப்பு. அதுவும் அதிகம் நுரைக்காது, அதுவும் மெதுவாகத்தான் அழுக்கெடுக்கும். நம் பாட்டிகள் நுரையை நம்பி வாழ்ந்தவர்கள் இல்லை. ஊர்ப்புறமெங்கும் நுரையைக் கொண்டுவந்தது பாக்கெட் ஷாம்பு. அதன் தொடக்கமும் எங்களுக்கு அடுத்துள்ள கடலூரில்தான். அங்கே சின்னிகிருஷ்ணன் என்பவர் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார்.  ஏழை வீட்டுக்கும் அது எட்டியது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுருட்டை முடிக்கு மட்டும் நுரை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

கை எப்போது தேறியது என்று நாள் சொல்ல முடியவில்லை. ஒரு மழைக்காலச் சாயங்காலம், மின்சாரம் போயிருந்தது. இருட்டில் ஒரு தலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நுனியை உள்ளங்கையில் ஏந்திப் பிசைந்தபோது சளக் சளக் என்று ஈரச் சத்தம் கேட்டது. முடிக்குள் வேண்டிய தண்ணீரும் கண்டிஷனரும் சேர்ந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். விரல்களைச் சீப்பாக்கி நுனியிலிருந்து மேலே போனேன், எங்கும் மாட்டவில்லை. பழைய பருத்தி வேட்டித் துண்டால் துவட்டாமல், ஒற்றி மட்டும் எடுத்தேன். விளக்கு வந்தபோது அக்கா வெள்ளைத் துணியை எடுத்துப் பார்த்தார். உதிர்ந்த முடிகளில் குமிழ் இருந்தது. மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குப் பெரிய பாராட்டாக இருந்தது.

முடி வளருமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கண்டிஷனர் முடியை வளர்க்காது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும், கழுவும் முறையால் அந்த வேகம் கூடாது. வளர்ந்தது ஒடியாமல் காப்பதுதான் நம் கையில் இருக்கிறது. சுருள் நீளத்தை ஒளித்துவைக்கும் என்பதால், ஒரு சுருளை ஈரத்தில் மெல்ல நீட்டி, நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைக்கிறேன். சில மாதம் கழித்து அதே இடத்தில் அளந்து காட்டினால்தான் நம்புகிறார்கள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு முடி கொடுத்துவிட்டு வரும் சிலர், இனி நேராக முளைக்கும் என்று காத்திருக்கிறார்கள். முடி சுருள்வது தோலுக்குள் இருக்கும் வேர்க்குழியின் வடிவத்தால். மழித்தாலும் சுருட்டை சுருட்டையாகத்தான் வரும்.

உங்கள் வீட்டில் சுருட்டை முடிக் குழந்தை இருந்தால், காய்ந்த தலையில் சீப்பை வைக்காதீர்கள். நனைத்து, கண்டிஷனரோ செம்பருத்தித் தாளியோ தாராளமாகத் தடவி, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுங்கள். தலை கழுவும் நாளில் கொத்தாக முடி வந்தால் பயப்படாதீர்கள். வாரம் முழுதும் உதிர்ந்து சுருளுக்குள் சிக்கியிருந்ததுதான் அன்று மொத்தமாக வெளியே வருகிறது. ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள், முனையில் குமிழ் இருக்கும்.