மாணவன் கேட்ட கேள்வி

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நினைவுகள் இரு வகையாக வருகின்றன. சொல்லிக் கொடுத்தவை மகிழ்ச்சியாக வருகின்றன. சொல்லிக் கொடுக்காமல் விட்டவை கடனாக வந்து நிற்கின்றன. என் நெஞ்சில் நெடுங்காலம் கிடந்த அத்தகைய கடன் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

1984ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பு மாணவர்களை உதகைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். முத்தொரை என்னுமிடத்தில் மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சாலையோரத்தில் நின்று பார்த்தோம். 1970இல் அமைக்கப் பெற்ற அது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவ்விடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்ந்த சரிவாகத் தேடிப் பிடித்து கோவிந்த் ஸ்வரூப்பும் அவர்தம் குழுவினரும் அதனை நிறுவினர். வானில் நகரும் நிலா, ரேடியோ அலை வீசும் பொருளொன்றை மறைக்கும் கணத்தைக் குறித்துக் கொண்டால் அப்பொருளின் இடத்தையும் அளவையும் துல்லியமாக அறியலாம். அதுவே அக்கருவியின் முதல் நோக்கம். இவ்வளவையும் நான் மாணவர்களிடம் பெருமிதத்தோடு விளக்கிக் கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு மாணவன் முன்னே வந்தான். "சார், குவாசார்னு ஒண்ணு இருக்காமே. அதுலேருந்து பீறிட்டு வர்ற துண்டுங்க ஒளியைவிட வேகமா ஓடுறதாப் படிச்சேன். ஒளியை எதுவும் முந்த முடியாதுன்னு நீங்க சொன்னீங்களே சார்?"

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கண்ட கண்ட பத்திரிகையைப் படித்துவிட்டு வந்து உளறாதே. பரீட்சைக்கு வருவதைப் படி" என்றேன். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரன் காமாக் கதிர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்று என்னிடம் வந்தான். அவனுக்காக நூல்களைப் புரட்டியபோதுதான் அந்தப் பழைய கேள்வி ஏட்டிலிருந்து எழுந்து என்னைப் பார்த்தது.

1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியின் துணையோடு, நிலா மறைக்கும் அதே முறையில், '3சி 273' என்ற ரேடியோ மூலத்தின் இடத்தைக் கண்டறிந்தார்கள். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை ஆராய்ந்து, விண்மீன் போல் ஒரு புள்ளியாகத் தெரியும் அது இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது என்று காட்டினார். அத்தனை தொலைவிலிருந்தும் தொலைநோக்கியில் தெரிகின்றதென்றால் அது எத்துணைப் பேரொளி! நடுவே அமர்ந்து சுற்றியுள்ள வாயுவை விழுங்கும் பெருங்கருந்துளையே அதன் உலை என்பது பின்னர் தெளிவாயிற்று. விழுங்கப்படாத ஒரு பகுதி, இரு துருவங்களின் வழியே ஒளியின் வேகத்தை நெருங்கிய தாரைகளாகப் பீறிடுகின்றது.

1971இல் '3சி 279' என்ற குவாசாரின் தாரையில், ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் பகுதிகள் விலகிச் செல்வதாகத் தோன்றியது. மாணவன் படித்தது பொய்யன்று! ஆனால் ஒளியை அது முந்தவுமில்லை. இப்படி ஒரு தோற்றம் ஏற்படக்கூடும் என்று மார்ட்டின் ரீஸ் 1966லேயே கணித்து எழுதியிருந்தார்.

டில்லியிலிருந்து நம் ஊருக்குப் புறப்படும் ஒருவர், வழியில் ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம் எழுதிப் போடுகின்றார் என்று வைத்துக் கொள்வோம். அவர் வரும் வேகமும் தபாலின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கடிதங்கள் எல்லாம் நெருக்கியடித்துக் கொண்டு ஒரே நாளில் வந்து சேரும். கடிதங்களை மட்டும் பார்ப்பவர், அவர் ஒரே நாளில் நாட்டைக் கடந்துவிட்டதாக எண்ணுவார். தாரையின் கதையும் இதுவே. ஒளியின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வேகத்தில், நம்மை நோக்கி எட்டுப் பாகை சாய்வில் ஒரு துண்டு பத்து ஆண்டுகள் பயணம் செய்தால், அப்பயணம் நமக்கு இரண்டரை மாதத்தில் நடந்து முடிந்ததாகத் தெரியும். அதற்குள் அது பக்கவாட்டில் ஏறத்தாழ 1.4 ஒளியாண்டு நகர்ந்திருக்கும். கணக்கிட்டால் ஒளியைப் போல் ஏழு மடங்கு வேகம்! பத்தாம் வகுப்புக் கணிதம் போதும் இதற்கு.

காமாக் கதிரின் கதை இன்னும் வியப்பானது. அக்கதிர்கள் நம் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரையை எட்டுவதில்லை. எனவே 1991 ஏப்ரலில் காம்ப்டன் ஆய்வுக்கூடத்தை விண்ணில் ஏற்றினார்கள். அவ்வாண்டு ஜூனில் 3சி 273ஐத் தேடிக் கன்னி ராசியின் பக்கம் கருவியைத் திருப்பியபோது, சித்திரை விண்மீனுக்குச் சில பாகை தள்ளியிருக்கும் 3சி 279 காமாக் கதிரில் சுடர்விட்டுக் கொண்டிருந்தது. என் மாணவனின் கேள்விக்குரிய அதே குவாசார்! இன்று வந்து சேரும் அதன் கதிர்கள் புறப்பட்ட போது நம் பூமியே பிறக்கவில்லை. அவை ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்தவை.

அக்கதிர்கள் எவ்வாறு பிறக்கின்றன? தாரையினுள் எலெக்ட்ரான்கள் வெறிவேகத்தில் விரைகின்றன. எதிர்ப்படும் சாதாரண ஒளித்துகளை, ஓங்கிய மட்டை பந்தை அடிப்பது போல் அடித்துத் தம் ஆற்றலை அதற்கு ஊட்டுகின்றன. ஓய்வுநிலை ஆற்றலைப் போல் ஆயிரம் மடங்கு ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான், ஒளித்துகளின் ஆற்றலைப் பத்து லட்சம் மடங்களவில் உயர்த்திவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி இவ்வாறே காமாக் கதிராகின்றது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தக் குவாசாரின் காமா ஒளி சில நாள்களிலேயே ஏறி இறங்குகின்றது. 2015ஆம் ஆண்டு ஜூனில் சில நிமிடங்களிலேயே மாறியதை ஃபெர்மி விண்கலம் பதிவு செய்தது. விரைந்து மாறுவது சிறியதாகத்தான் இருக்க முடியும். சிற்றிடத்தில் அத்தனை கதிர்கள் நெருங்கினால், காமாக் கதிர்கள் மற்றக் கதிர்களோடு மோதி எலெக்ட்ரானாகவும் பாசிட்ரானாகவும் மாறி மடிந்துவிடும், ஒன்றும் வெளியேறாது. ஆனால் அவை வெளியேறி நம்மிடம் வந்துவிட்டன! ஆகவே அந்த ஊற்று நிலையாக நிற்கவில்லை, நம்மை நோக்கிப் பாய்ந்து வருகின்றது என்பதே முடிவு. நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி பன்மடங்கு பெருகியும், அதன் காலம் சுருங்கியும் நமக்குத் தெரிகின்றன. உள்ளே உண்மையான நெருக்கம் அவ்வளவில்லை. அதனால்தான் கதிர்கள் தப்பின. ஒளியை மிஞ்சுவதாகத் தோன்றும் வேகத்திற்கு எது காரணமோ, காமாக் கதிர்கள் தப்பி வருவதற்கும் அதுவே காரணம். ஒரு சிறுவனின் கேள்விக்கு விடை தேடியிருந்தால், இந்த வாயிலுக்கு நான் அன்றே வந்திருப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வைபவத்தில் அவனைக் கண்டேன். இல்லை, அவரைக் கண்டேன். ஐம்பதைக் கடந்தவர், இரும்புக் கடை வைத்திருக்கின்றார். ஸலாம் சொல்லிக் கையைப் பற்றிக் கொண்டார். விருந்து முடிந்ததும் அவரை ஓரமாக அழைத்து அமரச் செய்து, அழைப்பிதழின் பின்புறத்தில் கோடு போட்டு, அந்த விடையை முழுவதும் சொன்னேன். "அன்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பிழை என்னுடையது" என்றேன்.

அவர் சற்று நேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக் கொண்டிருந்தார். "கேள்வி எனக்கு மறந்தே போச்சு சார். பசங்க சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். குரலில் கோபமில்லை. அதுவே எனக்குச் சுட்டது.

பிறகு தம் மகளைக் கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கும் பெண். "சாருகிட்டே கேளும்மா" என்று அழைப்பிதழை அவள் கையில் கொடுத்தார். அவள் கோடுகளைக் கூர்ந்து நோக்கிவிட்டு, "காமாக் கதிர் தாரையிலே எந்த இடத்துலேருந்து சார் வருது? கருந்துளைக்குப் பக்கத்துலேருந்தா, இல்லே ரொம்பத் தள்ளியிருந்தா?" என்று கேட்டாள்.

அறிஞர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வராமல் வாதிட்டுக் கொண்டிருப்பது அதைப் பற்றித்தான். லடாக்கின் ஹான்லேயில் 2024ஆம் ஆண்டு திறக்கப் பெற்ற மேஸ் தொலைநோக்கி போன்றவை காமாக் கதிர்களைத் தேடுவதும் இத்தகைய கேள்விகளுக்காகவே.

"எனக்குத் தெரியாதும்மா. இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நீ கண்டுபிடித்தால் எனக்கும் சொல்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். அவளுடைய தந்தையும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டவாறு நான் வீடு திரும்பினேன்.