பேர் விழாத டாஸ்க்குகள்

எங்கள் கிளாஸில் டாகுமென்டேஷன் எழுதுவது தண்டனை மாதிரி. கோட் தெரிந்தவன் கோட் எழுதுவான், பேசத் தெரிந்தவள் ரிவ்யூவில் பேசுவாள், மிச்சம் இருப்பவன் தலையில் டாகுமென்டேஷன் விழும். இந்த செமஸ்டர் அந்த மிச்சம் நான்தான் :-)

ஆனால் மக்களே, இந்த முறை நான் எழுதியதைப் படிக்கப் போவது மனுஷன் இல்லை, ஒரு ஏஐ ஏஜென்ட்.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஒரு சின்ன ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். யார் என்ன வேலை செய்கிறார்கள், எது பாக்கி என்று டாஸ்க் டாஸ்க்காக ஏற்றி வைப்போம். வாரம் ஒருமுறை ஏஜென்ட் அதைப் படித்து கைடுக்கு ரிப்போர்ட் எழுதும். நடுவில் நின்று டாஸ்க்குகளை எடுத்துக் கொடுப்பதுதான் டூல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. முறையில் இதைச் செய்திருக்கிறோம். டூலின் பெயர், விளக்கம், என்ன இன்புட் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மாடலுக்குப் போகும். உள்ளே இருக்கும் கோட் போகாது. அதனால் அந்த விளக்கம்தான் அதற்கு டாகுமென்டேஷன். புரியாவிட்டால் பக்கத்து பெஞ்சில் கேட்கவும் அதற்கு வழியில்லை.

நான் எழுத வேண்டியது பேட்ச் டூலுக்கு, அதாவது ஒரே தடவையில் பல டாஸ்க் எண்களைக் கொடுத்து மொத்தமாக வாங்கும் டூல். ஒவ்வொன்றாகக் கேட்டால் என்ன ஆகும்? நெல்லியாளத்திலிருந்து கூடலூருக்கு உப்புக்கு ஒரு பஸ், புளிக்கு ஒரு பஸ் ஏறுகிற கதைதான். (தேவாலா மழையில் அப்படி ஒருநாள் போய்ப் பாருங்கள், தெரியும்.)

பெரிய ஆட்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் டெவ்ஆப்ஸில் ஒரே தடவையில் 200 வேலைகள் வரை கேட்கலாம். ஏதாவது ஒன்று கிடைக்காவிட்டால் மொத்தமும் தோற்க வேண்டுமா, அல்லது அதை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தர வேண்டுமா என்று நாமே சொல்லலாம். ஜிராவில் 100 வரை. கிடைக்காதவற்றுக்குத் தனிப் பட்டியல் வரும். ஆனால் நாம் கேட்ட வரிசையில் வராது, ஐடி ஏறுவரிசையில் வரும். முதலில் கேட்டது முதலில் வரும் என்று ஏஜென்ட் நினைத்துக்கொண்டால் ஒருத்தர் வேலை இன்னொருத்தர் கணக்கில் ஏறிவிடும்.

எங்கள் டூலுக்கு நண்பன் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தான்: "எண்களைக் கொடுத்தால் டாஸ்க்குகளைத் தரும்." டெஸ்ட் செய்தோம். 12 எண் கேட்டால் 10 வந்தது. மீதி 2 எங்கே என்று டூலும் சொல்லவில்லை, ஏஜென்ட்டும் கேட்கவில்லை. எல்லா வேலையும் முடிந்தது என்று அழகாக ரிப்போர்ட் எழுதிவிட்டது. டீமில் 3 பேர் என்றும் போட்டிருந்தது. நாங்கள் 4 பேர்! அந்த 2 டாஸ்க்கும் ஒரே பெண்ணுடையவை. பிரைவேட் என்று குறித்து வைத்திருந்தாள். டேட்டாபேஸ் முழுக்க அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தது. அந்த ரிப்போர்ட் கைடுக்குப் போயிருந்தால் அவள் மார்க் என்ன ஆகியிருக்கும்?

எனக்கு உடனே பாட்டி ஞாபகம்தான். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க உருவான அரசுத் தேயிலைத் தோட்டம்தான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது. பாட்டியும் அங்கே கொழுந்து எடுத்தவர். ஒருநாள் வேலை கணக்கில் ஏறினால் "பேர் விழுந்துச்சு" என்பார். பாதி நாள் என்றால் அரைப்பேர். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி. கூப்பிட்ட பேருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலியாக இருந்தால் சம்பள நாளில் சண்டைதான்.

அதையே டூலுக்கும் எழுதினேன். ஒரே தடவையில் 50 எண்கள் வரை. கேட்ட வரிசையிலேயே பதில் வரும். கேட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பதில் உண்டு: கிடைத்தது, அப்படி ஒன்று இல்லை, பார்க்க அனுமதி இல்லை. கடைசி இரண்டில் எது வந்தாலும் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ரிப்போர்ட்டில் எண்ணோடு சொல்ல வேண்டும். இதை எழுதி முடித்த பிறகுதான் நண்பன் கோடையே மாற்ற வேண்டி வந்தது. டாகுமென்ட் எழுத வந்தவன் எனக்கு வேலை வைக்கிறான் என்று இரண்டு நாள் முறைத்தான்.

மறுபடி ஓட்டினோம். "2 டாஸ்க்குகளைப் பார்க்க அனுமதி இல்லை" என்று எண்ணோடு வந்தது. அவள் அனுமதி கொடுத்தாள், 12ம் வந்தன, அவள் பெயரும் வந்தது.

இப்போது புதுச் சிக்கல். அனுமதி இல்லை என்று சொல்வதே அப்படி ஒரு டாஸ்க் இருப்பதைக் காட்டிக் கொடுக்காதா என்று கைடு கேட்டார். நியாயம்தான். கிட்ஹப்பில் பிரைவேட் ரெப்போவை வெளியாள் தேடினால் 404 என்றுதான் வரும், இருப்பதாகவே காட்டாது. டீமுக்குள் இருப்பவருக்கு உண்மைக் காரணம், வெளியாளுக்கு இரண்டுக்கும் ஒரே பதில் என்று பிரிக்கலாம் என்பது என் யோசனை. நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ரிவ்யூ.