தண்டவாளம் பேசுகிறது

எங்கள் மீன்சுருட்டியில் இரயில் நிலையம் கிடையாது. அரியலூருக்கோ சிதம்பரத்துக்கோ போனால்தான் இரயிலைக் காணலாம். அதனால்தானோ என்னவோ, திருச்சியிலுள்ள அத்தை வீட்டிற்கு இரயிலில் செல்லும்போதெல்லாம் என் கண்களைவிடக் காதுகளுக்கே வேலை அதிகம்.

“அந்தக் காலத்து இரயில் ‘குப் குப்’ என்று வரும். இப்போது அந்தச் சத்தம் எங்கே போச்சு?” என்று அப்பாயி கேட்பார். நீராவி எஞ்சினின் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி, புகைபோக்கி வழியே வேகமாக வெளியேறும் ஓசைதான் அது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் நான்கு ‘குப்’ கேட்கும். மின்சார எஞ்சினில் நீராவி ஏது?

‘தடக் தடக்’ ஓசைக்குக் காரணம் வேறு. இரும்பு வெப்பத்தால் விரியும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி கூடினால் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகவே இணைப்புகளில் இடைவெளி விட்டார்கள். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது தட்டுகிறது. பெட்டியின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு அச்சுகள் அடுத்தடுத்து இருப்பதால், ஓசை இரட்டையாகக் கேட்கிறது. இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் அந்தத் தாளம் குறைந்துவிட்டது.

வளைவில் எழும் ‘கிறீச்’ ஓசையோ சக்கரங்களின் சங்கடம்! இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. வெளிப்புறத் தண்டவாளமோ நீளம் அதிகம். கூர்மையான வளைவில் ஈடுகொடுக்க முடியாமல் சக்கரம் சறுக்கி உராய்கிறது.

நான் கேட்டிராத ஓசை ஒன்றும் உண்டு. தண்டவாளத்தின் மீது பொருத்தும் சிறு வெடி அது. சக்கரம் ஏறியதும் வெடித்து, “நிறுத்து!” என்று ஓட்டுநரை எச்சரிக்கும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அதிகாலை, அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. அதை அறியாமல் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். திருச்சி செல்லும்போது அந்த ஆற்றை நாங்களும் கடக்கிறோம். அப்போது என் பேச்சு தானாக நின்றுவிடும்.

மழைக்கால இரவுகளில் கையில் விளக்குடன் தண்டவாளத்தை நடந்தே காக்கும் ஊழியர்கள் அந்த வெடிகளை உடன் கொண்டு செல்கிறார்கள். நாம் பெட்டிக்குள் நிம்மதியாக உறங்குகிறோம். அந்த வெடிக்கு வேலையே வராத இரவுதான் அவர்களுக்கும் நமக்கும் நல்ல இரவு!